நடைப்போட்டி, ஸ்டீப்பிள்சேஸ் மாதிரி ஈவென்ட்டுக்கு மலைப் பிள்ளைங்களுக்கு யாரு காசு குடுப்பாங்க?

கோத்தகிரி சித்தப்பா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் பொண்ணு விஷயமா கேக்கணும். பத்தாவது படிக்குது, கோத்தகிரிக்குக் கீழ ஒரு எஸ்டேட் லைன் வீட்லதான் இருக்காங்க, அண்ணன் அண்ணி ரெண்டு பேருக்கும் கொழுந்து பறிக்கிற வேலை. பொண்ணு ஸ்கூலுக்குப் போக வர ஏத்த இறக்கத்துல நடந்தே வளந்தது, மூச்சு வாங்கிப் பாத்ததே இல்ல. பி.டி. மாஸ்டர் முதல்ல 1500, 3000 ஓட விட்டார், பரவால்லாம வந்துச்சு. போன வருஷம் ஒரு கிளப் நடத்துன மீட்ல ஆள் பத்தலன்னு ரேஸ் வாக்ல நிக்க வச்சாங்க, முன்ன பின்ன பழக்கமே இல்லாம ரெண்டாவதா வந்துருச்சு. அங்க வந்திருந்த ஜட்ஜ் ஒருத்தர், முட்டி நல்லா நேரா வருது, இத விட்ராதீங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

இப்ப வீட்ல ஒரே குழப்பம். சொந்தக்காரங்க எல்லாம் நடைப்போட்டில என்ன இருக்கு, 800ல விடுங்க, இல்ல கபடில சேருங்க, அப்பத்தான் ஹாஸ்டல் சீட்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைன்னு ஏதாச்சும் கிடைக்கும்னு சொல்றாங்க. எங்க குறுவட்டப் போட்டில நடை வைக்கவே இல்ல, ஸ்டீப்பிள்சேஸ்னா, அதான் தடுப்பும் தண்ணிப் பள்ளமும் தாண்டி ஓடுற ஓட்டம், எங்க பக்கம் பாதிப் பேருக்கு என்னன்னே தெரியாது. பொண்ணு மட்டும் சித்தப்பா எனக்கு நடைதான் பிடிச்சிருக்குன்னு ஒத்தக் கால்ல நிக்குது.

ஷூ வாங்கணும், முட்டை பால் வாங்கணும், மீட்டுக்குக் கோயமுத்தூர் திருச்சின்னு போகணும், கூட ஒரு பெரியவங்க போயே ஆகணும், போனா அன்னிக்குக் கூலி போச்சு. என்னால முடிஞ்சத நான் பாத்துக்குறேன், ஆனா வருஷக் கணக்கா தாங்காது. இந்த மாதிரி யாரும் கண்டுக்காத ஈவென்ட்டுக்கு அரசாங்கத்துல உதவி இருக்கா, எந்த லெவல்ல இருந்து கிடைக்கும், மலையிலயே இருந்து வளர முடியுமா இல்ல கீழ அனுப்பியே ஆகணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

வெலிங்டன் பழைய பட்டாளம்:

தம்பி, அந்தப் பொண்ண நடையிலயே விடுங்க. நான் ராணுவத்துல இருந்தப்ப 20 கிலோமீட்டர் நடந்தவன், சர்வீஸ் முடிச்சு இப்ப குன்னூர் பக்கம் இருக்கேன், இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கங்க.

ஈக்வடார்னு ஒரு நாடு, தென் அமெரிக்காவுல. அங்க க்வென்கான்னு ஒரு மலை ஊரு, கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 2500 மீட்டர் உசரம், நம்ம ஊட்டி 2240, அதாவது நம்மளவிடக் கொஞ்சம் மேல அவ்வளவுதான். அந்த ஊர்ல பொறந்த ஜெபர்சன் பெரெஸ்னு ஒரு பையன், வசதி இல்லாத குடும்பம், 1992ல உலக ஜூனியர் போட்டில தங்கம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ல 20 கிலோமீட்டர் நடைல தங்கம். அந்த நாட்டோட சரித்திரத்துலயே முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான், அதுக்கு முன்னாடி எந்த விளையாட்டுலயும் வெண்கலம் கூடக் கிடையாது. அப்புறம் 2003, 2005, 2007ன்னு மூணு தடவ உலக சாம்பியன், 2008 பெய்ஜிங்ல வெள்ளி. சரி அவர் ஒரு பிறவி மேதைன்னு விட்ரலாமா? 2024 பாரிஸ்ல அதே 20 கிலோமீட்டர்ல தங்கம் வாங்குன டேனியல் பின்டாடோவும் அதே க்வென்கா ஊர்க்காரர்தான். கலப்பு ரிலே நடைலயும் அவங்க நாட்டுக்கு வெள்ளி. ஒரே ஊர்ல இருபத்தெட்டு வருஷ இடைவெளில ரெண்டு தங்கம்னா அது அதிர்ஷ்டத்துல வராது. அங்க நடைக்குன்னே தனியா பயிற்சி நடக்குது, சின்னப் பசங்க ரோட்ல இடுப்ப ஆட்டி நடந்தா யாரும் சிரிக்கிறதில்ல, போய் நின்னா சொல்லிக் குடுக்க ஆள் இருக்கு.

அதுக்கும் முன்னாடி மெக்சிகோ. 1960கள்ல ஜெர்சி ஹவுஸ்லெபர்னு போலந்து நாட்டு கோச் ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாங்க. நடைல பேரே இல்லாத நாடு 1968ல சொந்த ஊர்ல வெள்ளி எடுத்துச்சு, 1976ல டேனியல் பவுடிஸ்டா தங்கம், 1984ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 20, 50 ரெண்டுலயும் தங்கம். குவாத்தமாலாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமே 2012ல நடைலதான், எரிக் பரோண்டோ, வெள்ளி. இந்த நாடெல்லாம் 100 மீட்டர்ல அமெரிக்காவோடயும் ஜமைக்காவோடயும் மோதல. தங்கிட்ட இருக்குறது மலை, கைல பெருசா காசு கிடையாது, அதுக்கு ஏத்த ஈவென்ட் எதுன்னு பாத்து அதுல ஒரு கோச்சப் போட்டு விடாமப் பிடிச்சாங்க.

நம்ம ஆளுங்களும் சும்மா இல்ல. 2012 லண்டன்ல கே.டி.இர்பான் 10வது இடம், 1 மணி 20 நிமிஷம் 21 செகண்ட். அவர் மலப்புறம் மாவட்டத்துக்காரர், நாடுகாணி சுரம் இறங்குனா அந்த மாவட்டம்தான். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்ல பிரியங்கா கோஸ்வாமி 10,000 மீட்டர் நடைல வெள்ளி, சந்தீப் குமார் வெண்கலம். 2025ல கொரியாவுல குமில நடந்த ஆசியப் போட்டில 20 கிலோமீட்டர் நடைல வெண்கலம் வாங்குன செர்வின் செபாஸ்டியன் நம்ம தமிழ்நாட்டுப் பையன். பேப்பர்ல எத்தன பேர் கவனிச்சீங்க?

டெக்னிக் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன், ஏன்னா பதினஞ்சு வயசுல தப்பாப் பழகுனா அப்புறம் மாத்துறது ரொம்பக் கஷ்டம். விதி ரெண்டே ரெண்டுதான். எப்பவும் ஒரு கால் தரைல இருக்கணும், அதாவது கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரெண்டு காலும் தூக்கக் கூடாது. முன்னாடி வைக்கிற கால் தரையத் தொட்டதுல இருந்து உடம்புக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் முட்டி மடங்கக் கூடாது. சந்தேகம்னா ஜட்ஜ் மஞ்சள் அட்டையக் காட்டுவார், ஒண்ணுல நெளிவு கோடு, அது காத்துல போறதுக்கு, இன்னொண்ணுல மடங்குன கோடு, அது முட்டிக்கு. வேற வேற ஜட்ஜுங்க கிட்ட இருந்து மூணு ரெட் கார்டு வந்தா பெனால்ட்டி ஏரியால நிக்க வப்பாங்க, அந்த ஏரியா வைக்காத மீட்ல நேரா வெளிய. உங்க பொண்ணுக்கு முட்டி நேரா வருதுன்னு ஒரு ஜட்ஜே சொல்லிருக்கார்னா அது பெரிய விஷயம், பல பேருக்கு அது வரவே வராது, வருஷக் கணக்கா உழைச்சும் வராம ரன்னிங்குக்கே திரும்பிப் போன பசங்கள நான் பாத்திருக்கேன்.

எறக்கத்துல மட்டும் வேகமா நடக்க விடாதீங்க. எறக்கத்துல கால் தானா தூக்கும், முட்டியும் மடங்கும், முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்பும் வலிக்க ஆரம்பிக்கும். சமமான ரோடு ஒரு கிலோமீட்டர் கிடைச்சாப் போதும், போய்த் திரும்பி வரலாம். போட்டியே ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் லூப்லதான் நடத்துவாங்க.

---

கொடை பி.டி. வாத்தியார்:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் கொடைக்கானல் பக்கம் வேலை பாக்குறேன், காசு விஷயத்த நான் சொல்றேன், சித்தப்பா கேட்ட கேள்வி அதுதான்.

மேல இருந்து வர்றேன். மத்திய அரசோட டாப்ஸ் திட்டம், 2014ல ஆரம்பிச்சது, அதுல கோர் குரூப்புக்கு மாசம் 50,000, டெவலப்மெண்ட் குரூப்புக்கு 25,000 கைச்செலவுக்கே தர்றாங்க, ட்ரெய்னிங் வெளிநாட்டு மீட் செலவெல்லாம் தனி. ஆனா அது ஒலிம்பிக் பதக்கம் கண்ணுக்குத் தெரியுற ஆளுங்களுக்கு. அதுக்குக் கீழ கேலோ இந்தியா, செலக்ட் ஆனா வருஷத்துக்கு 6.28 லட்சம் ஒரு பிள்ளைக்குன்னு கணக்கு, அதுல கைக்கு வர்றது வருஷம் 1.20 லட்சம், மாசம் பத்தாயிரம். நம்ம மாநிலத்துல எஸ்.டி.ஏ.டி., அதாவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியா மூணு திட்டம் இருக்கு. எலைட்ல வருஷம் 30 லட்சம் வரைக்கும், மிம்ஸ்ல 12 லட்சம், சாம்பியன்ஸ் டெவலப்மெண்ட் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும். இது போக 2023ல ஆரம்பிச்ச தமிழ்நாடு சாம்பியன்ஸ் ஃபவுண்டேஷன், அதுல வெளியூர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போற செலவுக்கு, உபகரணத்துக்கு ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். இத்தனையும் நல்ல திட்டம்தான், இதுல பயனடைஞ்ச பிள்ளைங்க நிறைய இருக்காங்க, அதுல சந்தேகமே இல்ல.

என் வருத்தம் எங்கன்னா, இதுல எதுல நுழையணும்னாலும் ஸ்டேட்ல மெடல், நேஷனல்ல மெடல்னு கைல சர்டிபிகேட் இருக்கணும். அந்த சர்டிபிகேட் வாங்குற இடம் வரைக்கும் பிள்ளையக் கொண்டு போறதுக்குத்தான் காசே இல்ல. குறுவட்டத்துல இருந்து ஸ்டேட் வரைக்கும் உள்ள அந்த ரெண்டு மூணு வருஷம் அப்பா அம்மாவோட கூலிலயும் பி.டி. வாத்தியாரோட சம்பளத்துலயும்தான் ஓடுது. அந்த வயசுல தேவைப்படுறது லட்சக் கணக்குல ஒண்ணுமில்ல, மாசாமாசம் தவறாம வர்ற ஒரு சின்னத் தொகை, ஒரு ஜோடி ஷூ, பஸ் காசு, கூட வர்ற அம்மாவுக்கு ஒரு நாள் கூலி. ஜெயிச்ச பிறகு கோடி குடுக்குறாங்க, நல்லாக் குடுக்கட்டும், ஆனா ஜெயிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு முட்டைக்கு வழி பண்ணிருந்தா இன்னும் பத்து பேர் அந்தக் கோட்டுக்கிட்ட நின்னிருப்பாங்க.

யாரும் கண்டுக்காத ஈவென்ட்ல இது இன்னும் மோசம். 100 மீட்டர், லாங் ஜம்ப்னா ஸ்பான்சர் தேடலாம், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ஆசைப்பட்டுக் குடுப்பார். நடைக்குன்னு கேட்டா அது என்ன விளையாட்டுன்னு கேக்குறாங்க. ஒரு அலுவலகத்துல என் பையன் ஒருத்தனோட சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டு நடைப்போட்டி எங்க லிஸ்ட்ல இருக்கான்னு பாக்கணும், அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லியே ஒரு சீசன ஓட்டிட்டாங்க. அவன் இப்ப டூரிஸ்ட் வண்டி ஓட்டுறான். நல்ல பையன், இன்னமும் காலைல ஏரியச் சுத்தி நடக்குறான்.

ஏரின்னதும் ஞாபகம் வருது, கொடைக்கானல் ஏரியச் சுத்தி ரோடு கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர், பெரிய ஏத்த இறக்கம் இல்ல, 2100 மீட்டருக்கு மேல உசரம். விடியக்காலைல குதிரைக்காரங்களும் வாடகை சைக்கிளும் இறங்குறதுக்கு முன்னாடி அந்த ரோட்ல ஒரு நேஷனல் லெவல் நடைப்போட்டியே வைக்கலாம். வருஷா வருஷம் நேஷனல் ஓபன் நடைப் போட்டி ராஞ்சி, சண்டிகர்னு வடக்கதான் நடக்குது. அதுக்குப் போய் வர்ற ரயில் செலவு, சாப்பாடு, ரூம், நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் அதனாலயே போறதில்ல. தெற்க ஒண்ணு வச்சா என்ன? ரோட்ட ரெண்டு மணி நேரம் மூடணும், ஜட்ஜுங்க ஆறேழு பேர் வரணும், ஸ்டேடியமே தேவையில்லாத ஈவென்ட் இது.

ஜட்ஜுங்க விஷயமும் பெருசு. நடைக்குப் பயிற்சி எடுத்த ஜட்ஜ் மாவட்டத்துல இல்லாததாலதான் மாவட்ட மீட்ல அந்த ஈவென்ட்டயே வைக்க மாட்டேங்குறாங்க, ஈவென்ட் இல்லாததால பிள்ளைங்க வர்றதில்ல, பிள்ளைங்க வராததால எவனும் ஜட்ஜ் ஆகல. இத எங்கயாவது ஒரு இடத்துல உடைக்கணும். என்னக் கேட்டா பி.டி. வாத்தியார்ங்க நாலு பேர் சேந்து ஜட்ஜ் பரீட்சை எழுதணும், அதுக்கு ஆகுற செலவு ரொம்பக் கம்மி, பலன் பல வருஷத்துக்கு நிக்கும். பழைய பட்டாளம் அண்ணா மாதிரி ஆளுங்க மாவட்டத்துக்கு ஒருத்தர் முன்ன வந்தாப் போதும்.

சித்தப்பா, உடனே பண்ண வேண்டியது. எஸ்.டி.ஏ.டி. விளையாட்டு விடுதிக்கு 7, 8, 9, 11ம் வகுப்புலதான் சேப்பாங்க. பொண்ணு இப்ப பத்தாவதுன்னா பதினொன்னாவதுக்கு ட்ரை பண்ற வாய்ப்பு இந்த வருஷக் கடைசில வருது, அதத் தவற விட்டுராதீங்க. செலக்‌ஷன்ல தடகளம்னு போய் நின்னு ஓட்டத்துல டைம் காட்டட்டும், உள்ள போன பிறகு நடை பண்ணலாம், ஆனா போறதுக்கு முன்னாடி அந்த விடுதி கோச் நடை சொல்லிக் குடுப்பாரான்னு விசாரிச்சுக்கங்க, இல்லன்னா பிள்ளை அங்க போய் 800 ஓடிட்டுத்தான் இருக்கும்.

---

ஊட்டி லேப் அக்கா:

நான் ஸ்போர்ட்ஸ் ஆள் இல்ல, ஊட்டில ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை, ஆனா இங்க கேம்ப்புக்கு வர்ற ரன்னர்ஸ் கொஞ்சப் பேரப் பாத்திருக்கேன், அதனால ஒரு விஷயம் சொல்லணும்.

மலைல இருந்தா ஆக்சிஜன் அழுத்தம் கம்மி, அதனால கிட்னில இருந்து ஈபிஓன்னு ஒரு ஹார்மோன் கூடுதலா சுரந்து சிவப்பணுவ அதிகம் உண்டாக்கும், இதுக்காகத்தான் வெளியூர்ல இருந்து மூணு நாலு வாரம் வந்து தங்குறாங்க. ஆனா சிவப்பணு செய்றதுக்கு உடம்புல இரும்புச் சத்து இருக்கணும். அது இல்லன்னா மலைல எத்தன நாள் இருந்தும் புண்ணியமில்ல. நம்ம பக்கம் பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணுங்களுக்கு டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் பாத்தாலே கம்மியா இருக்கும், உடம்புல சேமிப்பா இருக்குற இரும்புச் சத்தக் காட்டுற ஃபெரிட்டின் எடுத்தா இன்னும் மோசம். ஃபெரிட்டின் 30க்குக் கீழ இருந்தா டாக்டரப் பாக்கணும். இந்த டெஸ்ட்ட வருஷத்துக்கு ரெண்டு தடவ எடுக்கச் சொல்லுங்க, பிள்ளைக்கு திடீர்னு டைம் குறைஞ்சா சோம்பேறின்னு திட்றதுக்கு முன்னாடி ரத்தம் பாருங்க.

அப்புறம் டீ. நம்ம வீடுகள்ல சாப்பாட்டோடயே டீ, சாப்ட்டு முடிச்சதும் டீ. அது இரும்புச் சத்த உடம்புல சேர விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி விடச் சொல்லுங்க. முருங்கைக் கீரை, கேழ்வரகு, ஆட்டுச் சுவரொட்டி, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேத்துக்கட்டும். ஸ்கூல்ல வாராவாரம் குடுக்குற இரும்பு மாத்திரைய பல பொண்ணுங்க வயித்தப் புரட்டுதுன்னு தூக்கிப் போட்றாங்க, உங்க பொண்ணு போடுதான்னு அண்ணிய விட்டுக் கேளுங்க.

யாரோ சொன்னாங்கன்னு ட்ரிப்ஸ் ஏத்திக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல நரம்புல ஏத்துறது ஊக்கமருந்து விதிப்படி தப்பு, ஆஸ்பத்திரில முறையான சிகிச்சையா இருந்தா தவிர. ஜிம்ல விக்கிற டப்பா பவுடரும் அப்படித்தான், உள்ள என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது, பிள்ளையோட பேரு கெட்டா திரும்ப வராது.

---

கூடலூர் ஈட்டி:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுறதால நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. மலைப் பிள்ளைன்னா நீ நட, நீ ஓடுன்னு முத்திரை குத்துறது எனக்குப் பிடிக்கல. பந்தலூர் சேரம்பாடி பக்கம் வந்து பாருங்க, தோள்பட்டை பலமா, கை நீளமா எத்தன பசங்க இருக்காங்கன்னு. ஈட்டி, ஹேமர், டிஸ்கஸ் யாரு குடுத்தாங்க அவங்க கைல? நீரஜ் சோப்ரா 2021ல டோக்கியோவுல 87.58 எறிஞ்ச பிறகு ஊருக்கு நாலு பேர் ஈட்டி கேக்குறான், ஸ்கூல்ல இருக்குற ஈட்டி நடுவுல வளைஞ்சு கிடக்கு. ஹேமர் சொல்லவே வேண்டாம், ஆம்பளைக்கு 7.26 கிலோ, பொம்பளைக்கு 4 கிலோ, சுத்தி வலைக் கூண்டு இல்லாம எறிய விட்டா உயிருக்கே ஆபத்து, கூண்டு எத்தன மாவட்டத்துல இருக்கு?

போல் வால்ட்டப் பாருங்க. காஸ்ட்லி ஈவென்ட், கம்பு ஒவ்வொண்ணும் வெளிநாட்டுல இருந்து வரணும், எடைக்கும் உசரத்துக்கும் ஏத்த மாதிரி ஒரு ஆளுக்கே நாலஞ்சு கம்பு வேணும், பஸ்ல ரயில்ல ஏத்த விட மாட்டாங்க. அப்படியிருந்தும் பொண்ணுங்க நேஷனல் ரெக்கார்டு வி.எஸ்.சுரேகா கிட்ட இருந்து ரோஸி மீனாவுக்கு வந்துச்சு, 2022ல 4.20 தாண்டுனாங்க, ரெண்டு பேரும் தமிழ்நாடு. பசங்கள்ல எஸ்.சிவா அதே 2022ல 5.31, அவரும் தமிழ்நாடு. ட்ரிபிள் ஜம்ப்ல பிரவீன் சித்திரவேல் 2023ல க்யூபாவுல 17.37 தாண்டுனார், நேஷனல் ரெக்கார்டு, டெல்டா பக்கத்துக் கிராமத்துப் பையன். இதெல்லாம் இயற்கையா அமைஞ்ச மலைக் காத்துல வந்ததில்ல, தெரிஞ்ச கோச் ஒரே இடத்துல இருந்து வருஷக் கணக்கா உக்காந்து சொல்லிக் குடுத்ததுல வந்தது. அதனால மலை இருக்கு மலை இருக்குன்னு பேசுறத விட கோச் எங்கன்னு கேளுங்க.

---

வெலிங்டன் பழைய பட்டாளம்:

கூடலூர் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, கோச் இல்லாம மலை மட்டும் ஒண்ணும் பண்ணாது. ஊட்டியவே எடுத்துக்கங்க. நிகோலாய் ஸ்னேசரெவ்னு பெலாரஸ் கோச், 2021ல பாட்டியாலாவுல இறந்துட்டார், அவர் நம்ம லாங் டிஸ்டன்ஸ் பொண்ணுங்கள ஊட்டில வச்சுத்தான் தயார் பண்ணார். சுதா சிங் 2010 ஆசியப் போட்டில 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் தங்கம், லலிதா பாபர் 2016 ரியோவுல ஃபைனலுக்கே போய் 10வது, பி.டி.உஷாவுக்கு அப்புறம் 32 வருஷம் கழிச்சு ட்ராக் ஈவென்ட் ஃபைனல்ல நம்ம நாட்டுப் பொண்ணு. ஸ்டீப்பிள்சேஸ யாரு சீந்துனாங்க அப்ப? இன்னிக்கு அவினாஷ் சாப்ளே 8 நிமிஷம் 9.91, பாருல் சவுத்ரி எல்லாம் வந்தப்புறம்தான் பேரு தெரியுது.

ஆனா எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அத்தன வருஷம் நாட்டோட பெரிய ரன்னர்ஸ் நம்ம ரோட்ல ஓடிட்டிருந்தப்ப நம்ம ஊர்ப் பிள்ளைங்க டீக்கடை வாசல்ல நின்னு வேடிக்கைதான் பாத்துச்சுங்க. ஒரு கேம்ப் நடந்தா கூடவே உள்ளூர்ப் பிள்ளைங்க பத்துப் பேரச் சேத்துக்கங்க, வார்ம் அப்பாச்சும் கூடப் பண்ணட்டும்னு ஒரு விதி போட்ருந்தா எத்தன செலவாகியிருக்கும்? வெளியூர்க்காரன் காசு குடுத்து வந்து தேடுற உசரத்துல நம்ம பிள்ளை பொறந்தே இருக்கு. கேம்ப் எங்க நடந்தாலும் உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு இடம் ஒதுக்கணும், இத நான் யாரப் பாத்தாலும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

இன்னொண்ணு, டைம் விஷயம். 2000 மீட்டர் உசரத்துல நீண்ட தூரம் நடந்தா, ஓடுனா கீழ எடுக்குற டைம் வராது, ஆக்சிஜன் கம்மி. ஊட்டி எச்.ஏ.டி.பி. கிரவுண்ட்ல ஒரு பிள்ளை எடுக்குற 3000 டைமையும் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல எடுக்குற டைமையும் ஒரே அளவுல பாத்து இது தேறாதுன்னு ஒதுக்கிட்றாங்க. நூறு மீட்டர், லாங் ஜம்ப்புக்கு நேர்மாறு, காத்து லேசா இருக்குறதால மேல கொஞ்சம் நல்லாவே வரும், 1968 மெக்சிகோவுல பாப் பீமன் 8.90 தாண்டுனது அந்த மாதிரி உசரத்துலதான். செலக்‌ஷன் பண்றவங்க இதத் தெரிஞ்சுக்கணும்.

அதனால சித்தப்பாவுக்கு நான் சொல்றது, இருப்பு மேல இருக்கட்டும், வேகப் பயிற்சிக்கு அப்பப்ப கீழ கூட்டிட்டுப் போங்க. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்க போனா உசரம் முந்நூத்திச் சொச்சம் மீட்டர்தான். உலகத்துல பெரிய பெரிய டீமெல்லாம் மேல தங்கு, கீழ வேகம் எடுன்னு கோடிக் கணக்குல செலவு பண்ணிச் செய்றத நம்ம பிள்ளை ஒரு டவுன் பஸ்ல செய்யலாம். அந்த பஸ் காசத்தான் யாராவது பொறுப்பெடுக்கணும்.

---

கோத்தகிரி சித்தப்பா:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இத்தன விஷயம் கிடைக்கும்னு நான் நினைக்கல. அண்ணிகிட்ட மாத்திரை பத்திக் கேட்டேன், போட்றதே இல்லயாம். அடுத்த வாரம் ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போறோம். வாத்தியார் சொன்ன பதினொன்னாவது சீட்டுக்கும் எழுதிப் போடப் போறேன். பொண்ணுகிட்ட க்வென்கா கதையச் சொன்னேன், மேப்ல எங்க இருக்குன்னு தேடிட்டு உக்காந்திருக்கு.

ரெண்டு சந்தேகம். மழைக்காலத்துல இங்க ஒரு மாசம் வெளிய தல காட்ட முடியாது, அப்ப என்ன பண்றது? அப்புறம் எங்க பி.டி. மாஸ்டர் நடை இல்லன்னா ஸ்டீப்பிள்சேஸும் சேத்துப் பழக்கலாமான்னு கேக்குறார், தடுப்பு எதுவும் ஸ்கூல்ல இல்ல, நாமளே செய்ய முடியுமா?

---

கொடை பி.டி. வாத்தியார்:

மழைல எங்க பிள்ளைங்க ஸ்கூல் வராண்டாவுலயும் கல்யாண மண்டபத்துலயும் பண்ணுவாங்க. நடைக்கு இடுப்பு அசைவும் கணுக்கால் பலமும்தான் முக்கியம், இருபது மீட்டர் இடம் இருந்தாலே நேர் கோட்ல நடக்குற பயிற்சி, குதிகால்ல நடக்குறது, கயிறு தாண்டறது எல்லாம் பண்ணலாம். ஒரு ஆள் பக்கவாட்டுல நின்னு போன்ல ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுங்க, கால் தூக்குதா, முட்டி மடங்குதான்னு அதுல தெளிவாத் தெரியும். அந்த வீடியோவ இங்கயே போடுங்க, பட்டாளம் அண்ணா பாத்துச் சொல்லுவார். மண் சரிவு நேரத்துல மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு மட்டும் கிளம்பாதீங்க, பயிற்சி எங்கயும் ஓடிப் போகாது.

ஸ்டீப்பிள்சேஸ் தடுப்பு செய்யலாம். பொண்ணுங்களுக்கு உசரம் 76.2 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 91.4, மேல உள்ள கட்டை 12.7 சென்டிமீட்டர் சதுரம். நிஜத் தடுப்பு 80ல இருந்து 100 கிலோ எடை இருக்கும், இடிச்சா ஹர்டில்ஸ் மாதிரி சாயாது, அதனால பயந்து பயந்து தாண்டாம அதுல கால் வச்சோ தாண்டியோ போகப் பழகணும். எங்க ஸ்கூல்ல நல்ல கற்பூர மரத்துண்டு (யூகலிப்டஸ்) ஒண்ண நாலு பக்கமும் இழைச்சு, ரெண்டு பக்கமும் இரும்புக் கால் வெல்டிங் வச்சு போல்ட் போட்டு, கால அகலமா விட்டு மணல் மூட்டை கட்டிட்டோம், அசையாது. தச்சரும் வெல்டிங் கடைக்காரரும் பாதிக் கூலிதான் வாங்குனாங்க. உருளுற மாதிரி மரத்த மட்டும் அப்படியே தரைல போட்டுத் தாண்ட விடாதீங்க, கணுக்கால் போயிரும். முதல்ல 50 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு ஏத்துங்க, அதனால கால்ல ரெண்டு மூணு இடத்துல ஓட்டை போட்டு உசரம் மாத்துற மாதிரி செய்யச் சொல்லுங்க. தண்ணிப் பள்ளம் இப்ப வேண்டாம், லாங் ஜம்ப் மணல் குழி ஓரத்துல தடுப்ப வச்சு அதுல கால் ஊனித் தாண்டி மணல்ல இறங்கட்டும், அதுவே போதும்.

அளவு படம் வரைஞ்சு வச்சிருக்கேன், உங்க பி.டி. மாஸ்டர எனக்கு இன்பாக்ஸ்ல மெசேஜ் போடச் சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன். கூடலூர் தம்பி, உங்க ஸ்கூல் ஈட்டி எத்தன கிராம்னு அதுலயே எழுதி விடுங்க, எங்ககிட்ட 600 கிராம் ஒண்ணு கூடுதலா இருக்கு.